கொட்டாவி தவறவிட்ட கப்பல்

பெரியவள் இருபத்திரண்டு வருடமாக ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். ஒரு கண்ணாடிக் கூண்டு, ஒரு மைக், ஒரு சுழல் நாற்காலி, சுவரில் கால அட்டவணை. நேரத்துக்கு வரும் வண்டிகளைச் சொல்லப் பதிவுக் குரல் எப்போதோ வந்துவிட்டது. தாமதம், ரத்து, நடைமேடை மாற்றம் என்று ஜனங்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளும் சமாசாரமெல்லாம் இவள் வாயால்தான் வர வேண்டும். எது வந்தாலும் ஒரே குரல். ஒருமுறை கூண்டுக்குள் எலி புகுந்து அவள் பாதத்தின் மேல் ஏறிப் போனது. அவள் நான்காம் நடைமேடையைச் சொல்லி முடித்து, வழக்கப்படி இரண்டாம் முறையும் சொல்லி, மைக்கை அணைத்துவிட்டுத்தான் நாற்காலி மேல் ஏறினாள். நிலையத்தில் அதை இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த தங்கை வேறு ரகம். சின்னவள் கடைத்தெருவில் அழகு நிலையம் நடத்துகிறாள். முடி இந்த வாரம் ஒரு நிறம், அடுத்த வாரம் வேறு நிறம். இரண்டு தடவை கல்யாணம் நிச்சயமாகி, இரண்டு தடவையும் இவளே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளைகளோடு இன்றுவரை சிநேகமாக இருக்கிறாள். எங்கே பாட்டுச் சத்தம் கேட்டாலும் கால் தானாக அங்கே போய்விடும். பெரியவளைக் கேட்டால், பொறுப்பு என்கிற ஒன்றைப் பிறக்கும்போதே ஆஸ்பத்திரியில் மறந்துவிட்டு வந்தவள் என்பாள். ஆனால் யாரும் கேட்பதில்லை. அக்காவும் தங்கையும் பேசி ஆறு வருடம் ஆகிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கூண்டுக்குப் போன் வந்தது. கண் ஆஸ்பத்திரி நர்ஸ்.

"உங்க தங்கச்சிக்குக் கண்ணுல ஆபரேஷன் ஆயிருக்கு. அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய ஆள்னு உங்க நம்பரைத்தான் எழுதிக் கொடுத்திருக்காங்க."

ஆறு வருடமாக முகம் பார்க்காதவள் நம்பரை மட்டும் மனப்பாடமாக வைத்திருக்கிறாளே என்று பெரியவளுக்குத் தோன்றியது. கேட்டது வேறு. "அவளுக்குத்தான் ஊர்ப்பட்ட சிநேகிதிங்க இருக்காங்களே."

"ஒன்பது பேர் வந்தாங்க. பூ கொடுத்தாங்க, போட்டோ எடுத்துக்கிட்டாங்க, போயிட்டாங்க" என்றாள் நர்ஸ். பிறகு விவரம் சொன்னாள். சின்னவளின் வலது கண்ணில் விழித்திரை கிழிந்துவிட்டது. டாக்டர் அதை ஒட்டவைத்து, ஒட்டியது பிரியாமல் அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழியை விட்டிருக்கிறார். குமிழி மேலே ஏறிப் பின்பக்கம் போய் அழுத்த வேண்டுமென்றால், முகம் தரையைப் பார்த்திருக்க வேண்டும். "பத்து நாள் குப்புறப் படுத்தே இருக்கணும். சாப்பிட, பாத்ரூம் போகத்தான் எழுந்திருக்கலாம், அதுவும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு. போன், டிவி எதுவும் கூடாது. தும்மல், இருமல், குலுங்கறது கூடவே கூடாது. ஒட்டினது பிரிஞ்சுதுன்னா அந்தக் கண்ணு அவ்வளவுதான். கூட ஒரு ஆள் இல்லாம நாங்க அனுப்ப மாட்டோம்."

பெரியவள் பத்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தாள். நிலைய மேலாளர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெரியவளின் கணவர் பேக்கரி அடுப்புகளைப் பழுது பார்க்கிறவர், எதற்கும் சூடாகாத மனிதர். மனைவி பையில் துணி அடுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "துணி மட்டும் எடுத்துட்டுப் போ. பழைய கதையெல்லாம் இங்கயே இருக்கட்டும், நான் பத்திரமா பார்த்துக்கறேன்" என்றார். அவள் முறைத்தாள்.

பழைய கதை இதுதான். அவர்களுடைய அம்மா ஆஸ்பத்திரியில் இறந்த நாளன்று, சாயங்காலம் ஆறு மணிக்கே சின்னவளுக்கு "உடனே வா" என்று பெரியவளின் கணவர் செய்தி அனுப்பிவிட்டார். சின்னவள் ஆஸ்பத்திரிக்கு வந்தது இரவு ஒன்பதரைக்கு. தலைமுடியெல்லாம் ஜிகினாத் துகள், காலில் வெள்ளிச் செருப்பு. பிறந்தநாள் பார்ட்டியிலிருந்து நேராக வந்திருந்தாள். சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் பெரியவள் சொன்னாள்: "அம்மா போன நேரத்துல ஆடிட்டு வந்திருக்கா." சின்னவள் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எதுவுமே சொல்லவில்லை.

அழகு நிலையத்தின் ஷட்டர் பாதி இறக்கியிருந்தது. உள்ளே மசாஜ் செய்கிற கட்டிலில் சின்னவள் குப்புறப் படுத்திருந்தாள். அந்தக் கட்டிலில் முகம் வைக்க ஓட்டை உண்டு. வாடிக்கையாளர்களை வருடக்கணக்காகப் படுக்கவைத்த கட்டிலில் இப்போது முதலாளியே படுத்திருந்தாள். ஓட்டைக்கு நேர் கீழே தரையில் ஒரு கைக்கண்ணாடி சாய்த்து வைத்திருந்தது. குப்புறக் கிடக்கும்போதுகூட மூஞ்சியைப் பார்த்துக்கொள்ள வேண்டுமா என்று பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வந்துட்டியா" என்றது ஓட்டைக்குள்ளிருந்து குரல்.

"ம்."

அன்றைக்கு முழுக்க அவர்கள் பேசிக்கொண்டது இவ்வளவுதான்: சூப் சூடா இருக்கு. போதும். மருந்து விடணும், திரும்பு. வலிக்குதா. இல்ல. பெரியவள் முடி வெட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நாலு பக்கமும் நிலைக்கண்ணாடிகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் தன் முகமே உர்ரென்று தன்னைப் பார்த்ததால், சாயங்காலத்துக்குள் அவளுக்கே தன் முகம் சலித்துவிட்டது.

மறுநாள் காலை தெருக்கோடி நூலகத்துக்குப் போனாள். பேச்சுக்குப் பதிலாக எதையாவது படித்துக் காட்டலாம், பொழுதும் போகும், பேசவும் வேண்டாம் என்று கணக்கு. நூலகப் பெண் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். "சிரிப்பு வராத புத்தகமா ஒண்ணு கொடுங்க. நோயாளி குலுங்கக் கூடாது" என்றாள் பெரியவள். அந்தப் பெண் கையால் அலமாரியைக் காட்டிவிட்டுப் பசையைத் தடவப் போய்விட்டாள். பெரியவளே தேடி ஒரு மொழிபெயர்ப்பு நாவலை எடுத்தாள். பின்னட்டையில், 'இரண்டு உலகப் போர்களுக்கு இடையில் சிக்கிய ஒரு தலைமுறையின் கதை' என்று போட்டிருந்தது. முன்னட்டையில் ஒரு ஒல்லிப் பெண் எங்கோ பார்த்தபடி நின்றாள். முன்னால் ஒரு போர், பின்னால் ஒரு போர், நடுவில் சோகத்துக்கு என்ன பஞ்சம். தங்கைக்கும் நாலு நல்ல விஷயம் மண்டையில் ஏறும் என்று சந்தோஷமாக எடுத்து வந்தாள்.

ஆனால் அந்தப் புத்தகத்தின் ஆரம்பப் பக்கங்களில் போர்தான் இல்லையே ஒழிய, மீதி எல்லாம் இருந்தது. ஒரு பெரிய நகரத்தில் பத்துப் பன்னிரண்டு பணக்கார வீட்டுப் பிள்ளைகள். ஒருவருக்கும் வேலை கிடையாது. ஒருவரை ஒருவர் செல்லப் பேரால்தான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள்: கொட்டாவி, பட்டன், ஜெல்லி, இளைய ஜெல்லி. இதில் கொட்டாவி என்கிறவன் கப்பலேறி வெளிநாட்டில் அப்பாவின் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளப் போக வேண்டும். அவனை வழியனுப்ப நண்பர்கள் விருந்து வைக்கிறார்கள். விருந்து அவ்வளவு நன்றாக இருந்ததால் பாதியில் எழுந்துபோக அவனுக்கு மனசு வரவில்லை. கப்பல் போய்விடுகிறது. அடுத்த மாதக் கப்பலுக்கு மறுபடி வழியனுப்பு விருந்து. அதுவும் நன்றாக இருக்கிறது.

இதைப் பெரியவள் எப்படிப் படித்தாள் என்பதுதான் விஷயம். அவளுக்குத் தெரிந்தது ஒரே விதம். "கொட்டாவி அவர்கள், பயணம் செய்யவிருந்த கப்பல், மாலை ஆறு மணிக்கு, துறைமுகத்திலிருந்து, புறப்பட்டுச் சென்றது." ஒரு மூச்சு நிறுத்தம். பிறகு, புறப்பாடு சம்பந்தப்பட்ட செய்தி என்பதால், பழக்கதோஷத்தில் அதையே இரண்டாம் முறையும் படித்தாள்.

கட்டிலில் சின்னவளின் தோள்கள் குலுங்கின.

பெரியவள் புத்தகத்தைக் கீழே வைத்தாள். முகம் ஓட்டைக்குள் இருக்கிறது, முதுகுதான் தெரிகிறது. அந்த முதுகு விம்மி விம்மி ஆடியது. ஆயிரம் இருந்தாலும் கூடப்பிறந்தவள். எழுந்து போய் முதுகில் கை வைத்தாள். "அழாத. அடுத்த மாசம் வேற கப்பல் இருக்குன்னு போட்டிருக்கான்."

முதுகு இன்னும் மோசமாகக் குலுங்கியது.

"அவன் போகாட்டி போறான். நீ எதுக்குக் கண்ணைக் கெடுத்துக்கற?"

"அக்கா, கொஞ்சம் பேசாம இரு" என்று ஓட்டைக்குள்ளிருந்து நசுங்கிய குரல் வந்தது. தங்கையின் மனசு இவ்வளவு இளகியது என்று தனக்கு இத்தனை நாள் தெரியவில்லையே என்று பெரியவள் வருத்தப்பட்டாள்.

இரண்டு நாள் இப்படியே போயிற்று. விருந்து ஒன்றில் பிள்ளைகள் எல்லாரும் பரிமாறுகிறவர்கள் மாதிரி வேஷம் போட்டு வருகிறார்கள். நிஜமான பரிமாறுகிறவர்கள் நிற்க இடமில்லாமல் மேஜைகளில் உட்கார்ந்துவிடுகிறார்கள். விடியும்வரை ஒருவருக்கும் ஒரு தட்டும் வரவில்லை, ஒருவரும் அதைக் கவனிக்கவும் இல்லை. பெரியவளுக்கு மனசே ஆறவில்லை. "பெத்தவங்க ஒருத்தராவது சாப்டியான்னு கேக்கறாங்களா பாரு" என்று படிப்பை நிறுத்திவிட்டு அங்கலாய்த்தாள். முதுகு குலுங்கியது. அவள் டவலை எடுத்து ஓட்டை வழியாக நீட்டினாள். சின்னவள் அதைப் பல்லால் கடித்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் பெரியவளுக்குப் பயம் வந்துவிட்டது. நர்ஸுக்குப் போன் செய்து, அழுதால் கண்ணுக்கு ஆகுமா என்று கேட்டாள். "கண்ணீர் வந்தா பரவாயில்லை, குலுங்கக் கூடாது" என்றாள் நர்ஸ். வம்பே வேண்டாம் என்று புத்தகத்தை மாற்றி வர நூலகத்துக்குப் போனாள்.

நூலகப் பெண் புத்தகத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். "இதையா எடுத்துட்டுப் போனீங்க? போன வருஷம் இதை மேஜைக்கு அடியில வச்சுப் படிச்சு, சத்தம் போட்டுச் சிரிச்சு, மேலதிகாரிகிட்ட எழுத்துல விளக்கம் கொடுத்தேன்."

"சிரிச்சீங்களா?"

"சிரிப்புப் புத்தகம்தானே இது. நையாண்டி. அந்தக் கொட்டாவிக்கு மொத்தம் பதினோரு வழியனுப்பு விருந்து."

பெரியவளின் முகத்தில் ஈயாடவில்லை. வழிநெடுக அவளுக்குக் கடந்த மூன்று நாள் காட்சிகள் வரிசையாக வந்துபோயின: முதுகைத் தடவியது, டவல் நீட்டியது, "அழாத" என்றது. புத்தகத்தை மாற்றவும் மறந்துபோய் அதே புத்தகத்தோடு திரும்பி வந்தாள். ஷட்டரைத் தூக்கிய வேகத்திலேயே கேட்டாள்.

"நீ அழவே இல்லை, சிரிச்சிருக்க."

"நான் அழறேன்னு சொன்னேனா?"

"என்னைப் பைத்தியக்காரி ஆக்கிட்ட."

"நீ படிச்சா யாரால சிரிக்காம இருக்க முடியும்? அவன் கப்பலை விட்டதை ரெண்டு தடவை அறிவிக்கற. எந்தத் துறைமுகம், எத்தனை மணின்னு அவ்வளவு சுத்தமா சொல்ற. எனக்கு நாலாம் நடைமேடையில நிக்கற மாதிரி இருந்துச்சு." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "நிறுத்திடாத அக்கா. ஆபரேஷனுக்கு அப்புறம் ராத்திரியெல்லாம் கண்ணு போயிடுமோ போயிடுமோன்னு பயந்துக்கிட்டே கிடப்பேன். இந்த மூணு நாளா கொட்டாவியை நினைச்சுக்கிட்டே தூங்கிடறேன்" என்றாள்.

பெரியவளுக்குக் கோபத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை. நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றினாள். "இதுல சிரிக்க என்ன இருக்குன்னு எனக்குச் சத்தியமா புரியலை" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைப் பிரித்தாள். குலுங்கக் கூடாது என்பது நிபந்தனை. சின்னவள் டவலைக் கடித்துக்கொண்டாள். தங்கை சிரிக்காமல் இருக்க வேண்டுமே என்று பெரியவள் இன்னும் விறைப்பாகப் படித்தாள். அதனால் நிலைமை இன்னும் மோசமாயிற்று. ஏழாவது வழியனுப்பு விருந்தில் டவலின் ஓரம் கிழிந்தது.

அந்த நாட்களில் அவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்திருந்தார்கள். எல்லாம் கொட்டாவியையும் பட்டனையும் பற்றித்தான். ஜெல்லி யாரைக் கட்டுவாள், இளைய ஜெல்லி எப்போது திருந்துவான். சொந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. சின்னவள் தலைமுடி நிறம் வெளுத்து வேரில் நரை தெரிந்தது. பெரியவள் ஒருநாள் கேட்காமலே எண்ணெய் வைத்துச் சீவிவிட்டாள்.

எட்டாம் நாள் மத்தியானம் பக்கத்தைத் திருப்பிய பெரியவளின் கண்கள் குரலுக்கு முன்னால் ஓடிவிட்டன. கூண்டில் அது அவளுக்கு வழக்கம். வாய் ஒரு வரியில் இருக்கும்போது கண் அடுத்த வரியில் இருக்கும். அடுத்த வரியில் பட்டனுக்கு விருந்துக்கு நடுவே தந்தி வருகிறது. அந்தப் பெண்ணின் அப்பா இறந்துவிட்டார்.

பெரியவள் நிறுத்தினாள். இருபத்திரண்டு வருடத்தில் கைக்கு வந்த எந்தச் செய்தியையும் அவள் விட்டுப் படித்ததில்லை. இதை விட்டுவிடலாமா என்று முதல் தடவையாகத் தோன்றியது. இரண்டு பக்கத்தைச் சேர்த்துத் திருப்பினால் போதும், குப்புறக் கிடப்பவளுக்குத் தெரியப் போவதில்லை.

"என்ன ஆச்சு, சிக்னல் விழலையா?" என்றது ஓட்டை.

பெரியவள் படித்தாள். பட்டன் தந்தியைப் படித்துவிட்டு நாலாக மடித்துச் செருப்புக்குள் வைத்துக்கொள்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. பாட்டு தொடங்குகிறது, எழுந்து ஆடுகிறாள். விடியும்வரை ஆடுகிறாள். காலையில் செருப்பைக் கழற்றி எடுத்துப் பார்த்தால், தந்தியில் எழுத்தெல்லாம் தேய்ந்து போயிருக்கிறது. என்ன எழுதியிருந்தது என்று ஜெல்லி கேட்கிறாள். படிக்க முடியவில்லை என்கிறாள் பட்டன்.

அதே குரலில், ஒரு சொல் விடாமல் படித்து முடித்தாள். கட்டிலைப் பார்த்தாள். தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன.

பெரியவளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இதற்குமா சிரிப்பு. ஆறு வருடமாகப் பூட்டி வைத்திருந்தது வாய் வரைக்கும் வந்துவிட்டது. "சிரிக்காத" என்றாள். "இதுக்குக்கூடச் சிரிப்பியா? உன்னை மாதிரியேதான் எழுதி வச்சிருக்கான். சேதி தெரிஞ்சும் ஆடினவதான நீ."

பெரியவளின் பார்வை தற்செயலாகத் தரைக்குப் போனது. சாய்த்து வைத்த கைக்கண்ணாடியில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. கண்ணாடியில் தங்கையின் முகம் தெரிந்தது; ஒரு கண்ணில் கட்டு, இன்னொரு கண் பெரியவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, அந்தக் கண்ணாடியில் சின்னவள் இத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்தது தன் மூஞ்சியை அல்ல என்று.

"எனக்குச் சேதி தெரியாது அக்கா" என்றாள் சின்னவள்.

"உடனே வான்னு அவர் அனுப்பினாரே."

"உடனே வான்னுதான் இருந்துச்சு. உடனே ஓடி வந்தேன். பார்ட்டி நடந்த இடம் ஸ்டேஷனுக்கு எதிர்ல. ஆஸ்பத்திரி அந்தப் பக்கம். குறுக்கு வழின்னு மேம்பாலத்துல ஏறினேன். அம்மாவுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பயம். பாதிப் பாலத்துல உன் குரல் கேட்டுச்சு."

பெரியவள் மடியிலிருந்த புத்தகத்தை மூடினாள்.

"மேற்கே போற வண்டி நாற்பது நிமிஷம் தாமதம்னு சொல்லிட்டிருந்த. அதே குரல். ஒரு பிசிறு இல்லை. ரெண்டாவது தடவையும் சொன்ன. நான் அங்கேயே நின்னு கேட்டேன். அக்கா உக்காந்து வண்டி சொல்லிட்டிருக்கா, அப்ப அம்மாவுக்கு ஒண்ணுமில்லைன்னு நினைச்சேன். ஏதாவது ஆயிருந்தா நீ அங்க உக்காந்திருப்பியா? அத்தான்தான் சும்மா பயந்துட்டாருன்னு நினைச்சுத் திரும்பிப் போயிட்டேன். பார்ட்டி முடிஞ்சதும் ஆஸ்பத்திரியை எட்டிப் பார்த்துக்கலாம்னு போய் ஆடினேன். அதுவும் எப்படி ஆடினேன் தெரியுமா, பயம் தெளிஞ்ச சந்தோஷத்துல."

கடைத்தெருவில் யாரோ லாரியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெரியவளுக்கு அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. அன்றைக்கு ஆறு மணிக்குக் கூண்டில் போன் அடித்தது. அம்மா போய்விட்டதாகக் கணவர் சொன்னார். மாற்று ஆள் வரவில்லை. மேற்கு வண்டிக்கு இரண்டாயிரம் பேர் காத்திருந்தார்கள். அவள் போனை வைத்துவிட்டு மைக்கைப் போட்டாள். மாற்று ஆள் வருவதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த முக்கால் மணி நேரத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை, கணவரிடம்கூட. கடமை என்று தனக்குத்தானே பேர் வைத்துக்கொண்டிருந்தாள். உண்மையில் அந்த மைக் இருந்தவரை அம்மா செத்துப்போனது கூண்டுக்கு வெளியே நின்றது; எழுந்தால் உள்ளே வந்துவிடும். அதனால்தான் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றாள் பெரியவள். "தெரிஞ்சுதான் சொல்லிட்டிருந்தேன்."

"ம். அன்னிக்கு ராத்திரி, அம்மா எத்தனை மணிக்குப் போனாங்கன்னு யாரோ சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சுடுச்சு."

"அத்தனை பேர் முன்னாடி உன்னைச் சொன்னேனே. ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா பழி உன் மேல வந்திருக்கும். எனக்கு என்ன, ஆட்டக்காரின்னு ஏற்கெனவே பேர் இருக்கு, அதோட இது ஒண்ணு. நீ மறுநாளும் அந்த மைக் முன்னாடிதான உக்காரணும்."

பெரியவள் எழுந்தாள். எங்கே போவது என்று தெரியாமல் இரண்டடி நடந்தாள். எல்லாக் கண்ணாடியிலும் அவளே நடந்தாள். பிறகு கட்டிலுக்குக் கீழே தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டாள், தலையை ஓட்டைக்கு நேராக வைத்து. கைக்கண்ணாடியைத் தள்ளிவைத்தாள். மேலே தங்கையின் முகம் ஒரு முழ தூரத்தில் தெரிந்தது. ஆறு வருடத்தில் கன்னம் ஒட்டியிருந்தது. ஒரு சொட்டு பெரியவளின் நெற்றியில் விழுந்தது. அவள் துடைக்கவில்லை. அவளுக்கே அழுகை பொத்துக்கொண்டு வந்ததால், யாருடைய கண்ணீர் எது என்று பார்க்கும் நிலையில் அவள் இல்லை. மன்னிச்சுக்கோ என்று சொன்னாள். அது அறிவிப்பாளர் குரலில் வரவில்லை. மூக்கடைத்த குரலில் வந்தது.

"தரை தூசி. எழுந்திரு" என்றாள் சின்னவள். பெரியவள் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

பத்தாம் நாள் டாக்டர் கட்டைப் பிரித்து, விளக்கு அடித்துப் பார்த்தார். ஒட்டியது ஒட்டியபடி இருக்கிறது, கண் பிழைத்துக்கொண்டது என்றார். சுவரில் இருந்த பெரிய எழுத்தைச் சின்னவள் மங்கலாகப் படித்தாள். ஆனாலும் இன்னும் ஐந்து நாள் குப்புறப் படுக்க வேண்டும், குலுங்கக் கூடாது என்றார். பெரியவள் விடுப்பை நீட்டி எழுதினாள். நிலைய மேலாளர் இந்த முறை தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை, நேராக அவள் முகத்தைப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் கடைசி அத்தியாயம். அடுத்த போர் வந்துவிட்டது. இப்போது கொட்டாவி நிஜமாகவே புறப்பட வேண்டும், சிப்பாய் உடையில், ரயிலில். நண்பர்களுக்குச் சொல்லி அனுப்புகிறான். ஏற்கெனவே பதினோரு தடவை வழியனுப்பிவிட்டோமே, இவன் எங்கே போகப் போகிறான் என்று ஒருவரும் வரவில்லை. நடைமேடையில் தனியாக நிற்கிறான். வண்டி சரியான நேரத்துக்கு வருகிறது.

"கொட்டாவி அவர்கள், பயணம் செய்யும் வண்டி" என்று பெரியவள் தொடங்கினாள். குரல் கரகரத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி தொடங்கினாள். "மூன்றாம் நடைமேடையிலிருந்து" என்றதும் குரல் இரண்டாகப் பிளந்தது. அதற்கு மேல் வரவில்லை. புத்தகத்தை மடியில் கவிழ்த்தாள்.

கட்டிலுக்கு அடியில் கண்ணாடி பழைய இடத்தில் சாய்ந்திருந்தது. அதில் இரண்டு கண்களும் அவளைப் பார்த்தன.

"வண்டி தாமதமா அக்கா?" என்றாள் சின்னவள்.

பெரியவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பியது. அவள் வாயைப் பொத்தினாள், நிற்கவில்லை. சுழல் நாற்காலி கிறீச்சிட்டது. பதினோரு விருந்தும், பட்டினி கிடந்த பணக்காரப் பிள்ளைகளும், டவலும், எலியும் எல்லாம் சேர்ந்துகொண்டு வந்தன. கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள்.

"அக்கா, போதும். மெதுவா" என்றாள் சின்னவள், டவலைத் தேடிக்கொண்டே. "நீ குலுங்கினா நானும் குலுங்குவேன்."

பெரியவள் கிழிந்த டவலை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூச்சை இழுத்துவிட்டு, கொட்டாவியின் வண்டி புறப்பட்டதை இரண்டாம் முறை படித்தாள். இந்தத் தடவையும் குரல் உடைந்தது. அவள் உடைந்த குரலிலேயே படித்து முடித்தாள்.